மடியில் வைத்த குவியல்

ஆன்டெனா என்றால் தூரத்தில் இருப்பதையெல்லாம் படிக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். என் பிழைப்பு அதற்கு நேரெதிர். வைத்த ஒன்றை மட்டும் படித்துவிட்டு, பக்கத்தில் கிடப்பதைக் கண்டுகொள்ளாமல் வாயை மூடிக்கொண்டிருக்கும் ஆன்டெனா செய்வது. இதைச் சொன்னால் என் அம்மாவே, இதுக்கா இவ்வளவு படிச்சே என்கிறாள். அலுத்துப்போய் இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் குழந்தைகள் பனியன் தைத்து ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், செக்கிங் மேஜைக்கு அப்படி ஒன்று கேட்டார்கள். ஒவ்வொரு பனியனின் லேபிளுக்குள்ளும், ரேடியோ அலையால் படிக்கக்கூடிய ஒரு சிப் டேக் இருக்கும். செக்கிங் செய்கிறவர் ஒரு பனியனை விரித்துப் பார்த்து, சரியாக இருந்தால் மேஜை நடுவில் வைப்பார். மேஜைக்கு அடியில் உள்ள ஆன்டெனா அந்த ஒன்றை மட்டும் 'பாஸ்' என்று கணக்கில் ஏற்ற வேண்டும். சொல்வதற்கு என்ன, சுலபம்தான். கைக்குழந்தை பனியன் கைக்குட்டை அளவுதான் இருக்கும். அடுக்கினால் டேக்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். பவரைக் கூட்டினால் பக்கத்துக் குவியல் முழுவதும், யாரும் பார்க்காமலே பாஸ் ஆகிவிடும். குறைத்தால் நடுவில் வைத்ததே தெரியாது. இந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது.

ஒருவழியாக ஒரு மேஜையில் பிசகாமல் ஓடியது. அப்பாடா என்று கோயம்புத்தூர் திரும்பினேன். சில வாரங்களில் செக்கிங் சூப்பர்வைசர் போன் செய்தார். மிஷின் அருமையாம். ஒரே ஒரு விஷயம், அந்த மேஜையில் வழக்கமாக உட்காரும் அக்கா இருந்தால்தான் சரியாக ஓடுகிறதாம்; வேறு யார் வந்தாலும் குவியலையே படித்துவிடுகிறதாம். எனக்கு எரிச்சலாக வந்தது. ஆன்டெனாவுக்கு ஆள் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியுமாட்ட இருக்குதுங்க மேடம்," என்றார்.

தலையில் அடித்துக்கொண்டு பஸ் பிடித்தேன். அந்த அக்கா தென்காசிப் பக்கத்துக்காரர். நான் பையைக் கீழே வைப்பதற்குள் அருகில் வந்துவிட்டார். மகளைத் தலைப்பிரசவத்துக்கு ஊர் வீட்டுக்கு அழைத்து வந்து விட்டிருக்கிறார். கூட இருக்க வேண்டிய அம்மா இங்கே மாட்டிக்கொண்டிருக்கிறார். லீவு கேட்கும்போதெல்லாம், நீங்கள் போனால் மேஜை நின்றுவிடும், ஷிப்மெண்ட் போகட்டும் என்கிறார்களாம். மகள் தினமும் போனில் அழுகிறாளாம்.

"வலி எப்ப வேணாலும் வரும்னு சொல்லிட்டாவ. என்னைய விடச் சொல்லுங்க மேடம்."

நான் செய்து கொடுத்த ஒரு தகடும் கம்பியும் ஒருத்தியை இப்படிக் கட்டிப்போடும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவர் வேலை செய்வதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் நின்றுகொண்டு, இன்னும் பார்க்காத பனியன்களை மேஜை ஓரத்தில் குவித்துக்கொள்கிறார்கள். இவர் மட்டும் ஸ்டூலில் உட்கார்ந்து, குவியலை மடியில் வைத்துக்கொள்கிறார். முடிந்ததை முதுகுக்குப் பின்னால் உள்ள கூடையில் போடுகிறார். ஏன் என்று கேட்டேன். ஊரில் சிறு வயதிலிருந்தே மடியில் சுளகு என்கிற முறத்தை வைத்துப் பீடி சுற்றிய பழக்கமாம். மடி காலியாக இருந்தால் கை ஓடாதாம்.

விஷயம் அவ்வளவுதான். ஆன்டெனாவுக்கு அடியில் நான் வைத்திருந்த அலுமினியத் தகடு மடியில் கிடந்ததை மறைத்தது. கூடையை அவர் உடம்பே மறைத்தது. தண்ணீர் நிறைந்த மனித உடம்பைத் தாண்டி அந்த ரேடியோ அலை அவ்வளவாகப் போகாது. நான் சாதித்ததாக நினைத்ததில் பாதியை அக்காதான் செய்துகொண்டிருந்தார். மற்ற பெண்களையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிப் பார்த்தோம். குவியல் சரிந்து சரிந்து கீழே விழுந்தது.

அங்கேயே தங்கினேன். ஆன்டெனாவின் செம்புப் பட்டை வளையத்தைச் சிறிதாக்கினேன். தகட்டின் ஓரங்களை மடித்து உயர்த்தி, தட்டு மாதிரி ஆக்கினேன். அதற்கு நேர்மேலே வைத்தால் மட்டும் படிக்க வேண்டும். ஒன்று சரியானால் இன்னொன்று கெட்டது. அக்கா அவ்வப்போது எட்டிப் பார்ப்பார். உடனே வேலைக்குத் திரும்பிவிடுவார். அவர் கேட்டுத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடைசியில் ஒரு மத்தியானம், ஒடிசாவிலிருந்து புதிதாக வந்திருந்த ஒரு பெண்ணை மேஜையில் நிறுத்தினோம். குவியல் ஓரத்திலேயே இருந்தது. அவள் நடுவில் வைத்தது மட்டும், ஒவ்வொன்றாக, பாஸ் ஆனது. எனக்குச் சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. எங்காவது படுத்தால் போதும் என்றிருந்தது.

சூப்பர்வைசர் உடனே அக்காவைக் கூப்பிட்டு, இன்றைக்கே கிளம்பச் சொன்னார். அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எப்போது திரும்பி வர வேண்டும் என்று கேட்டார்.

"அவசரமே இல்லீங்கக்கா. மெதுவா வாங்க," என்றார் சூப்பர்வைசர், அவ்வளவு மரியாதையாக.

நேற்று வரை ஒரு நாள்கூட விட முடியாது என்றவர் அவர். அக்கா திரும்பித் தன் ஸ்டூலைப் பார்த்தார். அந்தப் பெண் நின்றுகொண்டுதானே வேலை செய்கிறாள், ஸ்டூலை யாரோ சுவரோரம் தள்ளிவைத்திருந்தார்கள். கேட் வரை நானும் கூட நடந்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அக்கா என்னிடம் கேட்டார்.

"நல்லதுக்குத்தானம்மா மெதுவா வரச் சொல்லுதாவ?"

ஆமாம் அக்கா என்றேன். பிள்ளை பிறக்கப்போகிற வீட்டுக்குக் கிளம்புகிறவரிடம் வேறு என்ன சொல்வது? ஆட்டோ வந்தது, ஏறிக்கொண்டார். நான் உள்ளே திரும்பினேன். மற்ற மேஜைகளுக்கும் இதே மாதிரி எப்போது கிடைக்கும் என்று கேட்பதற்காக சூப்பர்வைசர் காத்துக்கொண்டிருந்தார்.