நன்மை வாங்காத அண்ணி

என் கல்யாணத்தன்று பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பந்தலின் கடைசியில் ஒரு பெண்மணி எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்து, சின்னத் தூக்குச்சட்டியிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல பட்டுப்புடவை, கழுத்தில் கனமான சங்கிலி. சட்டியிலோ வெறும் மோர்சோறு. எங்கள் வீட்டார் ரவைக் கேசரியும் சேமியாப் பாயசமும் பூரியுமாக, சக்திக்கு மீறிச் செய்திருந்தார்கள். என் அப்பா அதைப் பார்த்துவிட்டார். “நம்ம வூட்டுச் சோறு அவங்களுக்கு எறங்காதா?” என்று அம்மாவிடம் அவர் கேட்டது மணவறையில் இருந்த என் காதிலும் விழுந்தது. அந்தப் பெண்மணி என் கணவரின் மூத்த சகோதரி. அவரை நான் அண்ணி என்றுதான் கடைசிவரை கூப்பிட்டேன். அன்று அவர் மேல் எனக்கு வந்தது கோபம்தான்.

வில்லியனூருக்கும் அரியூருக்கும் இடையில் ஒரு சிற்றூர் என் புகுந்த வீடு. நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம், பரம்பரைக் கிறிஸ்தவர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. பெரியவர்கள் நகராட்சி அலுவலகத்தை இன்னும் பிரெஞ்சில் மேரி ஆபீஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் மாமியார், என் கணவர், நான், அண்ணி. அண்ணிக்குப் பின்கட்டில் தனி அறை, தனி அடுப்பு, தனிப் பாத்திரங்கள். அவருடைய கரண்டியைத் தெரியாமல் எடுத்து எங்கள் குழம்பில் விட்டால் ஒன்றும் சொல்லமாட்டார். அதைத் தேய்த்துக் கழுவி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்துக் காயவைப்பார். முதல் மாதத்தில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கன்னத்தில் அறைந்ததுபோல இருக்கும்.

பிறகு வந்தது கோயில். எங்கள் ஊர்க் கோயில் சின்னது. ஞாயிறு பூசைக்கு ஊரே வரும். நன்மை, அதாவது ஆண்டவரின் சரீரமான அப்பம், வாங்கும் நேரத்தில் பெண்கள் பக்கம் முழுவதும் எழுந்து பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதிக்குப் போவோம். அண்ணி மட்டும் எழுந்திருக்க மாட்டார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முழங்காலில் அப்படியே இருப்பார். ஒரு வாரம், இரண்டு வாரம் என்றால் உடம்பு சரியில்லை என்று நினைக்கலாம். வருடக்கணக்காக ஒருத்தி நன்மை வாங்காமல் இருந்தால் அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவள் சாவான பாவத்தில் இருக்கிறாள். அந்தப் பாவத்தைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி விடவும் அவளுக்கு மனமில்லை. கட்டியவன் உயிரோடு இருக்கும்போதே பிறந்த வீட்டில் கிடக்கும் பெண்ணுக்கு அது என்ன பாவமாக இருக்கும் என்று ஊர் பேசிக்கொண்டது. என் மாமியாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டாரே தவிர அதையே நம்பினார். ஜெபமாலை முடிந்ததும் கடைசியாக ஒரு பரலோக மந்திரம் கூடுதலாகச் சொல்வார். அது மகள் மனந்திரும்புவதற்காக.

எனக்கு உண்மை தெரிந்தது ஒரு ரசத்தினால். எனக்கு மசக்கை. எதுவும் தங்கவில்லை. அண்ணி தன் அடுப்பிலிருந்து ரசம் கொண்டுவந்து கொடுத்தார். சீரகமும் மிளகும் பூண்டும் தூக்கலாக, அப்படி ஒரு ரசம். பெருங்காய வாசனை இல்லையே என்றேன்.

“போட மாட்டேன். கட்டிக் காயத்துல கோதும மாவு கலக்கறான்.”

“மாவு இருந்தா இன்னா அண்ணி?”

யாரும் அதுவரை அப்படிக் கேட்டதில்லை போலும். அண்ணி கதவுநிலையில் சாய்ந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தார்.

கல்யாணமாகிப் புருஷனோடு சைகோனுக்குப் போனவர் அவர். புருஷனுக்கு அங்கே பிரெஞ்சுக்காரர்களின் அலுவலகத்தில் உத்தியோகம். காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி, துரைமார் வீட்டு விருந்தில் ரொட்டி. போன கொஞ்ச நாளிலேயே வயிறு கெட்டது. நிற்காத பேதி, வீங்கிய வயிறு, குச்சியான கை கால். இரண்டு கரு தங்காமல் போயின. காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், பிறகு பேய் என்றார்கள். புருஷன் கடைசியில் கப்பலேற்றி அனுப்பிவிட்டார். புதுச்சேரியில் ஒரு பிரெஞ்சு டாக்டர் அவரைப் பார்த்துவிட்டு மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. ரொட்டியை விடு, கோதுமையில் செய்தது எதையும் தொடாதே என்றார். ஐரோப்பாவில் இதைச் சமீபத்தில்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள், சிலர் உடம்புக்கு அந்தத் தானியமே ஆகாது என்றாராம். ஆறே மாதத்தில் உடம்பு தேறியது. கொடி மாறியபோது அந்த டாக்டரும் ஊருக்குப் போய்விட்டார். “நான் சொல்றது நெசம்னு சொல்ல இருந்த ஒரே மனுசன். அவரும் பூட்டாரு” என்றார் அண்ணி.

பிறகுதான் அவருடைய பின்கட்டை நான் சரியாகப் பார்த்தேன். மாவு எதையும் கடையில் வாங்க மாட்டார். மெஷினில் கோதுமை அரைத்த கையோடு அரிசியையும் அரைப்பார்கள் என்று தானே கல் ஏந்திரத்தில் அரைத்துக்கொள்வார். காலையில் இடியாப்பம் அல்லது கம்பு அடை, மத்தியானம் சோறும் மீனும், இரவில் கேழ்வரகுக் கூழ். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் டவுனிலிருந்து கேக் வாங்கினால் அவர் அரிசி மாவில் தேங்காய்ப்பாலும் வெல்லமும் முட்டையும் அடித்து ஆவியில் வேகவைப்பார். கேக்கை விட்டுவிட்டு நான் அதற்குப் போவேன். ஒவ்வொரு வாயையும் அவரைப் போல ருசித்துச் சாப்பிட்டவர்கள் குறைவு. நோயாளி என்று யாரும் சொல்லமுடியாத உடம்பு, மினுமினுத்த கன்னம். அதுவே அவருக்கு எதிரியாகவும் ஆனது. “கல்லு மாதிரி கீறா, இவளுக்கு இன்னா நோவு?” என்பார்கள். நோய் இல்லாமல் இருப்பதற்காக அவர் ஒவ்வொரு நாளும் என்ன செய்கிறார் என்பது யார் கண்ணுக்கும் படவில்லை. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதற்குப் போனாலும் கையில் அந்தத் தூக்குச்சட்டி. நாலு பேரோடு உட்கார்ந்து ஒரே பானையில் எடுத்துச் சாப்பிடும் பழக்கம் அவருக்கு விட்டே போயிருந்தது. கூப்பிடுகிறவர்களும் மெல்ல மெல்லக் குறைந்தார்கள்.

கோயில் விஷயமும் அப்போது எனக்குப் புரிந்தது. நன்மை அப்பமும் கோதுமைதானே.

“சாமியார் கிட்ட சொன்னீங்களா அண்ணி?”

“சொன்னேன். நல்ல மனுசன். ஒக்காந்த எடத்துலயே மனசால வாங்கிக்கோ, ஆண்டவரு ஏத்துப்பாருன்னாரு. அப்பம்னா கோதுமதான், ரோமாபுரி சட்டம், அவரால மாத்த முடியுமா?”

“ஊர்ல சொல்லலாமே. வாய்க்கு வந்தத பேசறாங்களே.”

அண்ணி சிரித்தார். “இன்னான்னு சொல்றது? ஆண்டவரோட சரீரம் என் வவுத்துக்கு ஒத்துக்கலன்னா? பாவின்னு சொல்றாங்க. அது போவட்டும். இதச் சொன்னா பிசாசு புடிச்சவன்னு சொல்லுவாங்க. அதுக்கு இதுவே தேவல.”

அவரே கேட்டுக்கொண்டதால் நானும் யாரிடமும் சொல்லவில்லை. என் கணவரிடம் மட்டும் சொன்னேன். அவருக்குத் தெரிந்தே இருந்தது. பாதி நம்பினார். அமெரிக்காவிலிருந்து வந்த கோதுமையையும் பால்மாவையும் கோயிலில் ஏழைகளுக்குப் பங்குபோட்டபோது, அரிசி கிடைக்காத அந்த வருடத்தில் எங்கள் வீட்டிலும் கோதுமைக் கஞ்சிதான். அண்ணி மரவள்ளிக் கிழங்கை அவித்துத் தின்று நாளைக் கழித்தார். “பஞ்சத்துலயும் இவளுக்கு ராங்கி கொறையல” என்றார் மாமியார்.

இந்தியாவோடு புதுச்சேரி சேர்ந்தது சட்டப்படி முடிவான வருடம், பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் எழுதிக்கொடுக்கலாம் என்று வந்தது. அந்தச் சமயம்தான் அண்ணியின் புருஷன் வந்தார். சைகோனிலிருந்து பிரான்சுக்கே போய்விட்டவர், காகிதங்களைச் சரிசெய்ய வந்திருந்தார். கோட்டும் தொப்பியுமாக, கொஞ்சம் வழுக்கையோடு, கையில் டவுனில் வாங்கிய நீள ரொட்டிகளோடு வாசலில் இறங்கினார். மாமியாருக்குத் தலைகால் புரியவில்லை. மாதாவே கொண்டுவந்து விட்டாள் என்று கோழி அடித்தார்.

சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அண்ணியையும் பக்கத்தில் உட்காரவைத்தார் மாமியார். எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் அவர் எங்களோடு உட்கார்ந்தது அதுதான் முதல்தடவை. அண்ணியின் முகத்தில் ஒரு வெட்கம் இருந்தது, அதையும் பார்த்தேன். மாப்பிள்ளை நன்றாகத்தான் பேசினார். பழசை மறந்துவிடலாம், குடியுரிமைக்கு உன்னையும் சேர்த்துப் பதிந்துகொள்கிறேன், கப்பலில் இரண்டு பேரும் போகலாம் என்றார். அண்ணி தலைகுனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, “அங்க அரிசி கெடைக்குமா?” என்றார்.

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். “இன்னும் அந்தப் பாட்டுதானா? அங்க ரொட்டி இல்லாம ஒரு வேளை கெடையாது. ஒடம்புதான் தேறிடுச்சே.” சொல்லிக்கொண்டே ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்துக் கோழிக்குழம்பில் தோய்த்து அண்ணியின் தட்டில் வைத்தார். “சாப்டு. எனக்காக ஒரு வாய்.”

யாரும் சாப்பிடவில்லை. எல்லோரும் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். குழம்பு அவருடைய சோற்றில் மெல்ல ஊறியது.

“ஒரு வாய் தின்னா செத்தா பூடுவ?” என்றார் மாமியார்.

அண்ணி அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். “செத்துட்டா பரவால்லம்மா. சாவ மாட்டேன். அதான் கஷ்டம்.”

தட்டை நகர்த்தி வைத்தார். எழுந்து பின்கட்டுக்குப் போனார். சிறிது நேரத்தில் அங்கே அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. அவர் தனக்கு உலை வைத்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை அடுத்த நாள் தனியாகவே புறப்பட்டார். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்லமுடியாது. அவர் கேட்டது ஒரு வாய்தான். தன் மனைவி தன்னை நம்பவேண்டும் என்று நினைத்தாரே தவிர, தான் மனைவியை நம்புவதைப் பற்றி அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. தேடி வந்த புருஷனை அனுப்பிவிட்டாள் என்றால் இனிச் சந்தேகம் என்ன. அண்ணி வழக்கம்போலக் குளித்து, வெள்ளைச் சேலை கட்டி, வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் இருந்த பெண்கள் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தேன். நன்மைக்கு எல்லோரும் எழுந்தபோது நான் எழுந்திருக்கவில்லை. என்னவோ அப்படித் தோன்றியது, யோசித்துச் செய்ததில்லை. முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. அண்ணி முக்காட்டுக்குள்ளிருந்து, என் பக்கம் திரும்பாமலே சொன்னார்:

“எழுந்து போடி.”

“நானும் இருக்கறேன் அண்ணி.”

“ஒனக்கு ஒத்துக்குது, நீ போய் வாங்கு. தொணைக்குப் பட்டினி கெடந்தா எனக்கு வவுறு ரொம்புமா?”

போனேன். கிராதியில் வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது, எப்போதும்போலக் கண்ணைத் தாழ்த்திக்கொள்ளாமல், அவர் முகத்தை முதல்முறையாக நேராகப் பார்த்தேன். காலியான பெஞ்சுகளின் நடுவே அவர் மட்டும் முழங்காலில் இருந்தார். ஊர் நினைத்ததுபோலத் தலை குனிந்திருக்கவில்லை. முகத்தை நிமிர்த்தி, கண்ணை மூடி, வாயைச் சற்றே திறந்து வைத்திருந்தார். எல்லோரையும் போல அவரும் வாங்கிக்கொண்டிருந்தார்.

மாமியார் அடுத்த வருடம் போய்ச் சேர்ந்தார். சாகக் கிடப்பவர்களுக்குச் சாமியார் எண்ணெய் பூசும் அவஸ்தைப்பூசுதல் முடிந்து, பேச்சு நின்றுபோகும் முன்பு, மகளின் கையைப் பிடித்து, “இப்பவாவது மனந்திரும்புடி” என்றார். “சரிம்மா” என்றார் அண்ணி. வேறென்ன சொல்லமுடியும்.

அண்ணி அதற்குப் பிறகும் வெகுகாலம் இருந்தார். என் பிள்ளைகள் வளர்ந்து வெளியூர் போனார்கள். என் கணவரும் காலமானார். ஒரே வீட்டில் இரண்டு கிழவிகள், இரண்டு அடுப்பு. ஒருநாள் நான் என் அடுப்பை மூட்டவில்லை. அவர் அடுப்பில் சமைத்ததையே இரண்டு பேரும் சாப்பிட்டோம். அத்தனை வருடமும் அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று தெரியவில்லை.

அப்போது பங்குக்கு ஓர் இளம் சாமியார் வந்திருந்தார். அவரிடம் அண்ணி எதையும் கேட்கவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை. இந்த நோய்க்குப் பெயர் இருக்கிறது என்றார். இப்படிப்பட்டவர்களுக்கு அப்பம் இல்லாமல் பூசையின் திராட்சை இரசம் மட்டும் கொடுக்கத் திருச்சபை இப்போது இடம் தருகிறது, ஆயரிடம் கேட்டு எழுதி வாங்குகிறேன் என்றார். வாங்கினார். வழக்கமாக இரசத்தில் போடும் அப்பத்துண்டு விழாத தனிக் கிண்ணம் ஒன்றையும் வைத்தார். ஒரு ஞாயிறு பூசையில், முழங்கால் மடங்காத அண்ணியை நடக்கவிடாமல், அவரே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பெஞ்சுவரைக்கும் இறங்கி வந்தார். அண்ணி இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தார். கிண்ணத்தின் அடியில் நான் என் கையைக் கொடுத்தேன்.

நான் சுற்றிப் பார்த்தேன். கோயில் நிறைய ஜனம். எல்லாம் புது முகங்கள். மேஸ்திரிகள், கம்பெனி வேலைக்குப் போகும் பிள்ளைகள், டவுனிலிருந்து குடிவந்தவர்கள். அந்தக் காலத்தில் பேசியவர்களில் ஒருத்திகூட உயிரோடு இல்லை. யாரோ வயதான அம்மாவுக்குச் சாமியார் ஏதோ கொடுக்கிறார் என்று பார்த்துவிட்டு அவர்கள் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார்கள்.

வீட்டுக்கு நடக்கும்போது கேட்டேன். “எப்படி இருந்தது அண்ணி?”

“புளிப்பா இருந்தது.”

வரப்பு ஏறும் இடத்தில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூச்சு வாங்கியது.

“அம்மா பாத்திருக்கலாம்” என்றார்.