எருமைக்கு ஊற்றிய கூழ்

காலையில் சத்தாகவும் வயிறு நிறையவும் என்ன சாப்பிடலாம் என்று ஏதோ வாரப் பத்திரிகையில் போட்டிருக்கிறார்களாம். என் மருமகள் இன்று அதை உரக்கப் படித்தாள். கம்பு நல்லதாம், ராகி நல்லதாம், பிள்ளை பெற்றவள் குடித்தால் பால் ஊறுமாம். "கேட்டீங்களா அத்தை, கம்மங்கூழுல இத்தனை சத்து இருக்குதாம்" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அதெச் சொல்றதுக்கு ஒரு பொஸ்தகம் வேணுமாக்கும்!" என்று எரிந்து விழுந்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன்.

நான் பிறந்தது வாழப்பாடிக்குக் கிழக்கே ஒரு மானாவாரிக் காட்டில். மழை பெய்தால் கம்பு, பெய்யாவிட்டால் கடவுள். காலையில் எதைக் குடிப்பது என்பதில் எங்கள் அப்பா ஒழுங்கு வைத்திருந்தார். ஏர் ஓட்டுகிற நாளென்றால் முதல்நாள் இரவு தண்ணீரில் போட்ட கம்பஞ்சோற்று உருண்டையை மோரில் கெட்டியாகக் கரைத்துக் குடிக்க வேண்டும். வெயில் காலத்தில் ராகிக் கூழ். அடைமழை என்றால் சூடாகக் களி. தொட்டுக்கொள்ளச் சின்ன வெங்காயம், சுட்ட மிளகாய். "காலையில உள்ள போறதுதான் பொழுது சாயற வரைக்கும் தாங்கும்" என்பார். ஆண், பெண் எல்லாருக்கும் ஒரே பானைதான். அந்த வீட்டில் நல்ல துணி இல்லை, காதில் போட ஒரு பொட்டுத் தங்கம் இல்லை. பசி மட்டும் என்னவென்று தெரியாமல் வளர்ந்தேன்.

என்னைக் கட்டிக்கொடுத்தது நாமகிரிப்பேட்டைப் பக்கம். கிணறு வற்றாத தோட்டம், மஞ்சள் விளைகிற மண். உலகச் சண்டை நடந்த காலத்தில் மஞ்சள் நல்ல விலைக்குப் போனது. கூரை போய் ஓடு வந்தது. ஓடு வந்ததும் என் மாமியாருக்குக் கௌரவமும் வந்துவிட்டது. அவள் செத்துப் பல வருஷமாயிற்று, அதனால் 'அவள்' என்றே எழுதுகிறேன். இருந்தபோது 'ங்க' போடாமல் அவளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

ராசிபுரத்தில் ஒரு சர்க்கார் உத்தியோகஸ்தர் வீட்டுக்கு ஏதோ காரியமாகப் போனவள், அங்கே விடிந்ததும் இட்லியும் காபியும் கொடுத்ததைப் பார்த்துவிட்டு வந்தாள். அவ்வளவுதான். அதுவரை நோம்பி, பண்டிகைக்கு மட்டும் இட்லி அவித்த வீட்டில் தினமும் இட்லிப் பானை ஏறியது. அரிசி கிடைக்காமல் ஊர் தவித்த காலம் அது. எங்கெங்கோ அலைந்து மாமனார் மில் அரிசி வாங்கி வருவார். வெள்ளை வெளேரென்று இருக்கும், தின்றால் வயிற்றில் நிற்காது. ஆண்கள் சாப்பிட்டு, வந்தவர் போனவர் சாப்பிட்டு, மிஞ்சினால் பெண்களுக்கு இரண்டு இட்லி. மிஞ்சாவிட்டால் ஒரு டம்ளர் காபி. கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை என்பார்கள். என் மாமியாருக்கு மீசை மேல் மட்டும்தான் ஆசை.

வீட்டில் கம்பு இல்லாமலா போயிற்று? தோட்டத்துக் கம்பு மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஆனால் அது பண்ணையாட்களுக்கு. அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு வீடு உரல் சத்தம் கேட்கும். நனைத்த கம்பை இடிக்கிற சத்தம் வேறு, நெல்லுக் குத்துகிற சத்தம் வேறு. தெருவில் போகிறவனுக்கு எந்த வீட்டில் நாளைக் காலையில் என்ன குடிப்பார்கள் என்பது காதாலேயே தெரிந்துவிடும். அதனால் மாமியார் முதல் வேலையாக உரலை வீட்டிலிருந்து உருட்டிக்கொண்டு போய், மாடு கட்டுகிற கட்டுத்தாரைக்குப் பின்னால் போடச் சொன்னாள். "ஊட்டுக்குள்ள கம்பு இடிக்கற சத்தம் கேட்டா நம்மளெ எவன் மதிப்பான்?" என்றாள். என் கொழுந்தியாளுக்கு, அதாவது என் வீட்டுக்காரரின் தங்கைக்கு, அப்போது திருச்செங்கோட்டுப் பக்கம் பெரிய இடமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரகன் அங்கே போய், 'காலையில இட்டிலி, காப்பி சாப்பிடற குடும்பமுங்க' என்று சொல்லியிருந்தான்.

தினமும் சாயங்காலம் கட்டுத்தாரையில் கம்பை இடித்து, புடைத்து, மறுபடி இடித்து, பெரிய மொடாவில் காய்ச்சி, உருட்டித் தண்ணீரில் போடுவது என் வேலை. விடிந்ததும் மோர் விட்டுக் கரைத்து, ஆட்கள் ஏந்துகிற போசியில் ஊற்றுவதும் என் வேலை. என் வாயில் மட்டும் ஒரு சொட்டுப் படக்கூடாது. பண்ணையாளுக்கு ஊற்றுகிற மொடாவில் வீட்டு மருமகள் வாய் வைத்தால் வீட்டு மானம் போய்விடுமாம். மிஞ்சின கூழை எருமைத் தொட்டியில் ஊற்றச் சொல்லுவாள். "கூழு ஊத்துனாத்தான் எருமைக்குப் பாலு எறங்கும்" என்பாள். இதையும் அவளேதான் சொல்லுவாள்!

தலைப் பிரசவத்துக்கு வாழப்பாடி போனேன். பெண் குழந்தை. ஐந்து மாதம் எங்கம்மா கூழும் களியும் கீரையுமாகப் போட்டாள். குழந்தை கொழுகொழுவென்று இருந்தது. எடுத்தால் கை வலிக்கும். என் ரவிக்கை நனையாத நேரம் கிடையாது. ஐந்தாம் மாதம் சீர் செய்து கொண்டுவந்து விட்டுப் போனார்கள். மறுநாள் காலையிலிருந்து பழையபடி காபி.

அடுத்த அமாவாசை வருவதற்குள் பால் குறைந்துபோயிற்று. குழந்தை சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்து அழும். சரி, எருமைப் பாலாவது ஒரு சங்கு கேட்போம் என்றால், பால் முழுக்கக் காபிக்கு. மாமியார் தண்ணீர் கலந்து ஒரு சங்கு கொடுத்தாள். அது குழந்தைக்குச் சேராமல் வயிற்றாலே போனது. வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "அத்தை, எனக்கு வெடியால ஒரு சொம்பு கூழு குடுங்க. பாலு இல்லீங்க. புள்ள அழுவுதுங்க" என்றேன்.

"கெழக்கத்திக்காரி புத்தி போவுதா பாரு!" என்றாள். "கூழுக்குன்னே பொறந்தவ. நாளைக்குச் சம்பந்தம் பேச வாரவங்க முன்னாடி கூழு ஏப்பம் உடுவியாக்கும்?"

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் நல்ல மனுஷர்தான், என்ன பிரயோஜனம்? பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன். "அம்மாகிட்ட நான் சொல்றேன், பொறு" என்றார். சொன்னாரோ இல்லையோ, எனக்குத் தெரியாது. காபி காபியாகவே வந்தது.

ஒருநாள் விடியற்காலையில் பொறுக்க முடியவில்லை. ஆட்கள் வருமுன்னே மொடாவிலிருந்து ஒரு சொம்பு மொண்டு நின்றபடியே குடித்தேன். சாமி, அந்தக் கூழ் தொண்டையில் இறங்கியது இன்றைக்கும் நினைவிருக்கிறது. திரும்பினால் மாமியார் நிற்கிறாள். திட்டவில்லை, கை ஓங்கவில்லை. நேரே வந்து, மொடாவைச் சாய்த்து, அத்தனை கூழையும் எருமைத் தொட்டியில் கொட்டினாள். போசியோடு வந்த ஆட்களிடம், "இன்னிக்கு மருமவ வாயி வெச்சுட்டா. அதெ உங்களுக்கு ஊத்துனாப் பாவம்" என்றாள். என்ன ஒரு நியாயம் பாருங்கள்! அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, வெறும் வயிற்றோடு மஞ்சள் காட்டுக்குக் களை வெட்டப் போனார்கள். ஒரு கிழவர் மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தேவலை. அதற்குப் பிறகு நான் மொடாப் பக்கம் குனியவில்லை. நான் குடித்தால் அத்தனை பேர் பட்டினி என்று ஆக்கிவிட்டாள், பாவி.

குழந்தை மெலிந்துகொண்டே வந்தது. தொடையில் தோல் தொங்கியது. ஒருவழியாக வண்டி கட்டி ராசிபுரத்துக்கு ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்கள். அந்தம்மா குழந்தையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "காலையில என்னம்மா சாப்பிடறே?" என்று கேட்டார். கல்யாணமானதிலிருந்து என்னிடம் யாரும் கேட்காத கேள்வி. வாயைத் திறப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பக்கத்திலிருந்து மாமியார் முந்திக்கொண்டாள். "இட்டிலி, காப்பிங்க. எங்க ஊட்டுல கூழெல்லாம் குடிக்கறதில்லீங்க." பெருமையாகத்தான் சொன்னாள்.

"பால் குடுக்கிற பொண்ணும்மா இது. கூழோ களியோ காலையிலயே வயிறு நிறையக் குடுங்க. மருந்து அப்புறம்" என்றார் டாக்டரம்மா.

திரும்பி வரும்போது வண்டியில் மாமியார் பொருமினாள். "நம்மளெயும் கூழு குடிக்கற சனம்னு நெனச்சுட்டா அந்தம்மா." வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் மாட்டை மட்டும் அதட்டினார். நான் சும்மா இருக்கவில்லை. "எருமைக்கு ஊத்தறதெ எனக்கு ஊத்துனா என்னங்க கொறைஞ்சு போவுது?" என்று சத்தமாகவே கேட்டேன். மறுநாள் காலையிலும் எனக்குக் காபிதான் வந்தது.

அந்த மாதமே குழந்தை போய்விட்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் போனது. தோட்டத்து மூலையில் குழி வெட்டினார்கள். ஊர்க்காரர்கள் வந்து, "பொட்டப் புள்ளதானே சாமி, மனசெ உட்டுறாதே" என்றார்கள். அப்படிச் சொன்ன ஒவ்வொரு வாயிலும் மண்ணை அள்ளிப் போட வேண்டும் போல இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் மாமியார் காபி கொடுத்தாள்.

சில மாதம் தள்ளித் திருச்செங்கோட்டுக்காரர்கள் வீடு பார்க்க வந்தார்கள். பையனின் தாயார் முதல்நாள் பொழுதோடு வந்து தங்கினார். வாட்டசாட்டமான அம்மாள், கழுத்து நிறைய நகை. காலையில் வாழையிலை போட்டு, ஆவி பறக்கிற இட்லியும் கட்டிச் சட்னியும் வைத்து, வெள்ளி டம்ளரில் காபியை நீட்டினாள் மாமியார். அந்த அம்மாள் இலையைப் பார்த்தார். இட்லியைத் தொடவில்லை.

"ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. வெடியால வெறும் வயித்துல இதெல்லாம் எனக்குச் சேராதுங்க. கம்மங்கூழு இருந்தா ஒரு சொம்பு குடுங்க. பண்ணையம் பாக்கற ஊட்டுல கூழு இல்லாமயா போயிரும்?" என்றார்.

மாமியாரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! ஒரு கணம்தான். உடனே சிரித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி, "சாமி, நல்ல தயிரா ஊத்தி ஒரு சொம்பு கூழு கரைச்சுட்டு வா சாமி" என்றாள். என்னை அவள் சாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கட்டுத்தாரைக்குப் போய், அதே மொடாவிலிருந்து எடுத்து, கரைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். அந்த அம்மாள் அண்ணாந்து மடமடவென்று குடித்தார்.

"கூழுன்னா இது கூழு! யாரு காச்சுனது?"

"எம் மருமவதானுங்க" என்றாள் மாமியார். "எங்க ஊட்டுல தெனமும் இதானுங்க."

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார். "கொழந்தைக எத்தனெ சாமி?"

"ஒண்ணு இருந்துச்சுங்க. எனக்குப் பாலு இல்லாம செத்துப் போச்சுங்க. இந்தக் கூழெ எனக்குக் குடுக்கறதில்லீங்க" என்றேன். சொல்லியே விட்டேன். சம்பந்தம் முறிந்தது, இத்தோடு என்னையும் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த அம்மாள் சொம்பைக் கீழே வைத்தார். உதட்டை முந்தானையால் துடைத்துக்கொண்டார். "அது அததோட தலையெழுத்து. நாம என்ன பண்ண முடியும்?" என்றார். பிறகு சொம்பை என் பக்கம் தள்ளி, "இன்னும் ஒரு சொம்பு இருக்குமா சாமி?" என்று கேட்டார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். அன்றைக்கே தட்டு மாற்றினார்கள். மறுநாள் உரலை வீட்டுக்குள் உருட்டிக்கொண்டு வந்து பழைய இடத்தில் போட்டார்கள். கம்பு இடிக்கிற சத்தம் தெருவரைக்கும் கேட்கட்டும் என்று மாமியாரே உலக்கை பிடித்தாள்.

பிறகு எனக்கு மகன் பிறந்தான். ஐந்தாம் மாதம் அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த மறுநாள் காலையில், மாமியார் தன் கையாலேயே ஒரு சொம்பு கூழ் கரைத்துக்கொண்டு வந்து எனக்கு முன்னால் வைத்தாள். "குடி சாமி, பாலு நல்லா ஊறும்" என்றாள். தெரியாதவள் போலச் சொன்னாளே, அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. சொம்பைத் தூக்கி அவள் தலையில் கவிழ்த்திருக்க வேண்டும். மடியில் பிள்ளை அழுதான். ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.