கால் தவறியதாகச் சொன்னோம்

எங்கள் பக்கத்துக் கிணறுகளில் பெண்கள் யாரும் குதித்ததே கிடையாது. எல்லாரும் கால் தவறித்தான் விழுவார்கள். பிழைத்தவள் உண்மையைச் சொன்னால் அவள் மேலேயே வழக்கு வரும், ஜெயிலுக்கும் போக நேரும் என்பதால் ஊரே சேர்ந்து கட்டிக் காத்த பொய் அது. சாகத் துணிந்தவளைத் தண்டித்துத் திருத்தப் பார்த்த அந்தச் சட்டத்தை எந்த மகராசன் எழுதினானோ, அவன் வீட்டில் அடிபட்ட பெண் யாரும் இருந்திருக்க மாட்டாள்.

என் அக்காவை அரிமளத்துக்குப் பக்கத்தில் கட்டிக் கொடுத்திருந்தது. அத்தான் கை நீட்டுகிறவர். குழம்பில் உப்புக் கூடினாலும் அடி, குறைந்தாலும் அடி. ஒரு சித்திரை மாதம் அக்கா கிணற்றில் விழுந்தாள். தண்ணீர் இறைக்க வந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தவளை ஏட்டு வந்து விசாரித்தபோது அப்பா முந்திக்கொண்டார்.

"கால் தவறிருச்சுங்க. சின்னப் புள்ளையிலேருந்தே பராக்குப் பாத்துக்கிட்டுத்தான் நடப்பா."

அக்காவும் தலையை ஆட்டினாள். ஏட்டு நல்ல மனிதர், மேற்கொண்டு கேட்கவில்லை. அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தோம். இனி அங்கே அனுப்புவதில்லை என்று அப்பா உறுதியாகத்தான் இருந்தார்.

பத்து நாள் கழித்து அத்தான் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஏன் அனுப்ப மாட்டீர்கள் என்று கேட்டார்கள்.

"அடி தாங்காமத்தானே எம்புள்ள..." என்று அப்பா தொடங்கினார்.

அதற்குள் ஒரு பெரியவர் மடக்கிவிட்டார். "பாத்துப் பேசுங்க. கால் தவறுச்சுன்னு ஏட்டுக்கிட்ட நீங்கதானே சொன்னீங்க? இப்ப மாத்திச் சொன்னா ஒங்க மகதான் கோர்ட்டுல நிக்கணும்."

அடித்தவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். அவரைத் தேடி எந்த ஏட்டும் வரவில்லை. கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பிவிட்டதாகப் பெருமை வேறு பேசினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கெணத்துக்கு எதுக்குச் சுவரு? அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவுல கட்டுங்க!" என்று கத்தினேன். பொட்டப்பிள்ளைக்கு வாயைப் பார் என்றார்கள். அதோடு சரி.

வண்டி வந்து நின்றது. அக்கா அழவில்லை. புடவைகளை மடித்துக்கொண்டே அப்பாவிடம் கேட்டாள்.

"ஜெயில்ல ராத்திரி கதவப் பூட்டிருவாங்களாமேப்பா? அப்ப அவரு உள்ள வர முடியாதுல்ல?"

அப்பா துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அன்றைக்கே அவளை அனுப்பி வைத்தோம்.