அன்னலட்சுமியின் கறுத்தப் பிள்ளைகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் உள்வளைவில், அலை வந்து மதிலை நக்கும் தூரத்தில் இருந்தது, மீன் வெட்டிக் கழுவும் அந்த மீன்வாடி. அங்கே வேலை செய்த முப்பத்தெட்டுப் பெண்களில் முப்பத்தேழு பேர் மீனோடு மாரடித்தார்கள். ஒருத்தி மட்டும் மீன் கழுவிய தண்ணீரோடு மாரடித்தாள். அவள்தான் அன்னலட்சுமி.

சம்பூர்க்காரி. இரண்டாயிரத்து ஆறில் ஷெல்லுக்குப் பயந்து உடுத்த சேலையோடு ஓடி வந்தவள். கணவன் தவராசா ஆட்டோ ஓட்டினான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடமாகியும் மடியில் ஒரு பிள்ளை தவழவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லிப் பாருங்கள்!

"ஆர் சொன்னது இல்லையெண்டு? கோடிக்கணக்கில கிடக்கு. ஏலுமெண்டால் எண்ணுங்கோ!" என்று வாடியின் பின்புறத் தண்ணீர்த் தாங்கிகளைக் காட்டுவாள்.

அந்தப் பிள்ளைகள் கண்ணுக்குத் தெரியாத பக்டீரியாக்கள். மீன் கழுவிய தண்ணீரில் கிடக்கும் அமோனியாவைத் தின்று அதை நைத்திரேற்றாக மாற்றுவது முதல் தாங்கியில் இருந்தவற்றின் வேலை. காற்றுப் படாமல் மூடிய இரண்டாம் தாங்கியில் இருந்தவை அந்த நைத்திரேற்றை வெறும் நைதரசன் காற்றாக்கிக் குமிழி குமிழியாக வெளியே விடும். பிறகுதான் தண்ணீர் கடலுக்குப் போகும்.

ஆனால் முதல் தாங்கிப் பிள்ளைகள் நோஞ்சான்கள். ஒரு மழை பெய்தால் அள்ளுண்டு போய்விடும். அந்தக் குறையைத் தீர்க்க வந்தவள் றுக்கியா. கிண்ணியாவில் பிறந்து பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்யும் பெண். சிரட்டைக்கரி மணிகளில் நுண்ணிய இரும்புத் துகளைப் படியவைத்துக் கொண்டுவந்தாள். ஒரு தலைமயிரை நெடுக்காக ஆயிரம் தரம் கிழித்தால் எவ்வளவு மெல்லிசோ, அவ்வளவு சின்னத் துகள். கரியின் துளைகள் பிள்ளைகளுக்கு வீடு, இரும்பு அவற்றுக்கு ஊட்டம். ஒரே மாதத்தில் மணிகளின்மேல் கறுத்த வழுவழுப்புப் படர்ந்தது. சோதனைக் குழாயில் மருந்து விட்டதும் கடும் மஞ்சளாக நின்ற தண்ணீர் எலுமிச்சைச் சாறு போல வெளிறியது. மஞ்சள் வெளிறினால் அமோனியா குறைந்தது என்று அர்த்தம். அன்று அன்னலட்சுமி வாடி முழுவதற்கும் கற்கண்டு கொடுத்தாள்!

இரண்டாயிரத்து எட்டு ஆவணியில் கடிதம் வந்தது. சனிக்கிழமை காலை தண்ணீரைச் சோதிக்க அதிகாரி சோமசேகரம் வருவார். தண்ணீர் தேறாவிட்டால் வாடி பூட்டப்படும். முப்பத்தெட்டு அடுப்புகள் அந்த ஒரு சோதனைக் குழாய்த் தண்ணீரின் நிறத்தை நம்பி நின்றன.

புதன்கிழமை அன்னலட்சுமி குடும்ப அட்டைப் பதிவுக்காக மாவட்டச் செயலகமான கச்சேரிக்குப் போயிருந்தாள். பின்னேரம் திரும்பி வந்தவள் முதல் தாங்கியைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டாள்.

தாங்கி பளபளவென்று மின்னியது. தண்ணீர் நீலம். மூக்கை அறுக்கும் பிளீச்சிங் பவுடர் மணம்.

"ஐயோ, என்ர பிள்ளையளைக் கொன்றுபோட்டாளவையே!"

வாசலில் நின்ற பற்றிக் என்ற காவலாளி, நிசமாகவே கொலை விழுந்துவிட்டது என்று பொல்லோடு ஓடிவந்தான்.

குணேஸ்வரி கழுவிய தும்புத்தடியோடு முன்னால் வந்தாள். மீன் வெட்டும் பெண்களுக்குத் தலைவி அவள். "அக்கா, பெரியாள் வாறாரெண்டு நாங்கள் எல்லாரும் சேர்ந்து தேய்ச்சுக் கழுவினம். அந்தக் கறுத்த ஊத்தையைக் கண்டால் மரியாதை கெட்டுப்போகுமெல்லே?"

விருந்தாளி வருகிறார் என்றால் கூட்டிக் கழுவுகிற கைகள் அவை. அவற்றை என்னவென்று திட்டுவது! அன்னலட்சுமி தாங்கியின் விளிம்பிலே தலையைச் சாய்த்து விம்மினாள். குணேஸ்வரியும் அழுதாள். ஏன் என்று தெரியாமலே பற்றிக்கும் அழுதான்.

தவராசாவின் கைபேசியிலிருந்து எடுத்த அழைப்பில், கிண்ணியாவில் இருந்த றுக்கியா எல்லாவற்றையும் கேட்டாள்.

"அக்கா, மணியள் உடையல்லத்தானே?"

"இல்லைப் பிள்ளை."

"அப்ப வீடு அப்பிடியே இருக்கு. குடியிருந்ததுகள்தான் இல்ல."

அன்னலட்சுமிக்குத் தன் வீடு நினைவு வந்தது. சம்பூரிலும் அதே கதைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "திரும்பக் குடியேத்தேலுமோ?"

"ஏலும். எங்கட வீட்டுப் பின்வளவுப் பீப்பாயில இதே மணியள் உயிரோட கிடக்கு. வெள்ளிக்கிழமை வந்து எடுங்க. அதுக்குள்ள பிளீச்சிங் மணம் ஒரு துளியும் இருக்கக்கூடாது."

முப்பத்தேழு பெண்களும் முறை வைத்து மோட்டரால் தாங்கிக்குள் காற்றடித்தார்கள். வியாழன் முழுதும் வெயில் காய்ந்தது. மணம் ஓடிவிட்டது.

வெள்ளி காலை, இரண்டு வாளி நிறைய, உயிருள்ள மணிகள் கலந்த கறுத்த கூழோடு அன்னலட்சுமியும் றுக்கியாவும் கிண்ணியாத் துறைக்கு வந்தார்கள். ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவையை அங்கே பாதை என்பார்கள். வாளிகளுக்குள், மீன் தொட்டிக்குப் போடும் சின்ன மோட்டர் பற்றரியில் ஓடிக் காற்று விட்டுக்கொண்டிருந்தது.

சோதனைச் சாவடியில் சிப்பாய் கறுத்த கூழைப் பார்த்தான். "இது என்ன? வெடி மருந்து?"

"இல்லை ஐயா, என்ர பிள்ளையள். மணந்து பாருங்கோ."

குனிந்து மணந்தான். அடுத்த கணம் தொப்பியைப் பிடித்துக்கொண்டு மூன்றடி பின்னால் பாய்ந்தான். வரிசையே சிரித்தது; அவனும் சிரித்துவிட்டான். ஆனால் பற்றரி கொண்டுபோகச் சட்டமில்லை என்று அதை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டான்.

மோட்டர் நின்றது. பாதைக்கு இரண்டு மணித்தியால வரிசை. கொதிக்கும் வெயில்.

"காத்து இல்லாட்டி சோர்ந்துபோயிரும் அக்கா," என்றாள் றுக்கியா, கையைப் பிசைந்தபடி. "சோர்ந்தா நாளைக்கு வேலை செய்யாதுகள்."

அன்னலட்சுமி சுற்றுமுற்றும் பார்த்தாள். துறையடித் தேநீர்க் கடையில் அபூதாஹிர் நானா தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு முழ உயரத்திலிருந்து விழும் தேத்தண்ணி, நுரை, நுரை முழுக்கக் காற்று!

"நானா, அந்தக் கோப்பையைத் தாங்கோ!"

அள்ளினாள். கூழை உயர்த்தி அதே வாளிக்குள் ஊற்றினாள். மறுபடி அள்ளினாள். தோள் கடுத்தபோது நானா வாங்கிக்கொண்டார்.

"நாப்பது வருசமா ஆத்துறன். இப்பிடி நாறுற தேத்தண்ணிய இண்டைக்குத்தான் கண்டன்!"

அதன்பிறகு வரிசையே கை மாற்றியது. பாதைக்குள்ளும் ஓயவில்லை. சந்தைக்குப் போன உம்மா ஒருத்தி, வெள்ளை உடுப்புக் கன்னியாஸ்திரி, சைக்கிள்காரர் என்று ஆள்மாறி ஆள் ஊற்றினார்கள். பாவம், யாருடைய பிள்ளைகளோ, யார் யார் கையாலோ மூச்சு விட்டன! அக்கரையில் தவராசாவின் ஆட்டோ காத்திருந்தது. வாடி வரைக்கும் றுக்கியா ஊற்றிக்கொண்டே வந்தாள்.

கூழ் தாங்கிக்குள் இறங்கியது. அன்று வாடியில் பாதி மீன்தான் கழுவினார்கள். புதுக்குடிகளுக்குப் பாரம் ஏற்றக்கூடாதே.

சனி காலை சோமசேகரம் வந்தார். சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்து விட்டார். குணேஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

மஞ்சள் வந்தது. வெளிறிய, மெல்லிய, எலுமிச்சைச் சாற்று மஞ்சள்!

"நல்லாயிருக்கு," என்று கையெழுத்துப் போட்டார். தாங்கியை எட்டிப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "ஆனால் இந்தக் கறுத்த ஊத்தையை ஒருக்காக் கழுவினால் என்ன?"

"ஐயோ, வேண்டாம் ஐயா!"

முப்பத்தேழு குரல்கள் ஒன்றாக எழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது குணேஸ்வரியின் குரல். திடுக்கிட்ட அதிகாரி பேனையைத் தவறவிட்டார். அன்னலட்சுமி மட்டும், மூடிய இரண்டாம் தாங்கியின் கண்ணாடித் துவாரத்தில் முகம் வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மேலேறும் குமிழிகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.