கை தூக்கியவர்கள்

டெல்ஃபோர் மெட்ரானோவைப் பற்றி எங்கள் பிஸ்கட் ஆலையில் யாரைக் கேட்டாலும் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, அந்த ஆள் இல்லையென்றால் இந்த ஆலை இன்று கார் நிறுத்தும் இடமாகியிருக்கும். இன்னொன்று, இரண்டாம் நம்பர் மாவு மிஷினை அணைக்கும் நேரத்தில் அவரோடு பேச்சுக் கொடுக்கக் கூடாது. இரண்டுமே உண்மைதான்.

முதல் மிஷின் சுவிட்சைத் தட்டியதும் நின்றுவிடும். இரண்டாவது மட்டும் அணைத்த பிறகும் நிதானமாக ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் நிற்கும். மெக்கானிக் வந்து பார்த்து, பெல்ட் தேய்ந்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனான். டெல்ஃபோர் அதை நம்பவில்லை. அந்தக் கடைசிச் சுற்று முடியும்வரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். யாரும் கூப்பிடாமலே "வரேன், வரேன்" என்பார். ஒருநாள் நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். யார் கூப்பிட்டது என்று நானும் திரும்பிப் பார்த்தேன், பொய் சொல்வானேன்.

அது என் வீட்டுக்காரர் அன்செல்மோ சோசா நின்று வேலை செய்த மிஷின். அவரைக் கூட்டுறவிலிருந்து வெளியேற்றிப் பதினாறு வருஷம் ஆகிறது. இறந்து பதினைந்து. இந்தப் பதினைந்து வருஷமும் அவர் சாவுக்கு என் வாய்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டே நான் அடுப்புக்கு முன்னால் நின்றிருக்கிறேன். என் பெயர் ஒலிண்டா. ஆனால் இது டெல்ஃபோரின் கதை, முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

டெல்ஃபோர் வடக்கே துக்குமானில் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதில் அப்பா வேலை செய்த சர்க்கரை ஆலையை ராணுவ ஆட்சி இழுத்து மூடியது. குடும்பம் ரயிலேறி இந்தத் தெற்குப் புறநகருக்கு, அவெயனேதாவுக்கு வந்தது. பதினாறில் கட்சியில் சேர்ந்தார். கட்சி உடைந்தது, உடைந்த துண்டும் உடைந்தது. கடைசியில் அவரும் ஒரு சித்தப்பா மகனும் மட்டும் மிஞ்சினார்கள். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இதைச் சொல்லி நாங்கள் சிரித்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார். அந்தக் குணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

இரண்டாயிரத்து ஒன்றில் நாடே திவாலானபோது முதலாளி ஒரு வெள்ளிக்கிழமை கதவைப் பூட்டிவிட்டு உருகுவாய்க்குப் போய்விட்டான். திங்கட்கிழமை பூட்டை உடைத்து உள்ளே போனவர்களில் முதல் ஆள் டெல்ஃபோர், இரண்டாவது அன்செல்மோ. ஏழு மாதம் உள்ளேயே கிடந்தார்கள். போலீஸ் இரண்டாவது தடவை வந்தபோது டெல்ஃபோர் ஆறிப்போன அடுப்புக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டு, "என்னை வெளிய எடுக்கணும்னா அடுப்பை இடிங்கடா" என்றார். இடிக்கவில்லை. ஆலை எங்களுடையதானது. இருபத்தொன்பது பேர், எல்லோருக்கும் ஒரே பங்கு, மேனேஜர் கிடையாது. எது முடிவானாலும் கூட்டத்தில் கை தூக்கித்தான். சீட்டில் எழுதிப் போடும் வழக்கம் இல்லை, தோழர்களுக்குள் என்ன ஒளிவுமறைவு என்பார் டெல்ஃபோர்.

"முதலாளியை வெரட்டறது ஒரு மத்தியான வேலை. நம்ம மண்டைக்குள்ள ஒருத்தன் உக்காந்திருக்கானே, அவனை வெரட்டத்தான் ஆயுசு பத்தல."

"உங்க மண்டைக்குள்ள இருக்கறவருக்கு மீசை உண்டா டெல்ஃபோர்?" என்று கேட்பேன்.

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும் ஒலிண்டா."

இரண்டு விதிகள் இருந்தன, இரண்டும் அவர் எழுதியவை. ஆலையைப் பிடித்து வைத்திருந்த அந்த ஏழு மாதத்தில் எங்களிலேயே இருவர் பழைய முதலாளியிடம் ரகசியமாகக் கூலி வாங்கிக்கொண்டு, பிஸ்கட் அச்சுகளைக் கடத்திக் கொடுத்துவிட்டார்கள். அதனால் முதல் விதி: வெளியே ஒரு முதலாளிக்கு வேலை செய்பவருக்கு இங்கே இடமில்லை. இரண்டாவது: கூட்டத்திடம் எதையும் மறைப்பவருக்கும் இடமில்லை. காரணம் எதுவானாலும் விலக்கு கிடையாது. விதியைக் காக்கும் பொறுப்பை ஒவ்வொரு வருஷமும் டெல்ஃபோருக்கே கொடுத்தோம்.

இரண்டாயிரத்து எட்டில் எனக்கு மார்பில் கட்டி வந்தது. கூட்டுறவில் இருப்பவர்களைச் சட்டம் தொழிலாளி என்று ஒத்துக்கொள்ளாது, அதனால் தொழிற்சங்க மருத்துவக் காப்பு கிடையாது. அரசு ஆஸ்பத்திரியில் வரிசை. அன்செல்மோ ஒரு தனியார் ரொட்டிக் கடையில் விடியற்காலை வேலைக்குப் போனார், அதை முடித்துக்கொண்டு ஆறு மணிக்கு நேராக ஆலைக்கு. நான் அவரிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினேன். "என் மாரைப் பத்தி அந்த ஆம்பளைங்க கூட்டத்துல பேசாத. எனக்கு வெக்கமா இருக்கு." பேசமாட்டேன் என்றார். இரண்டு மாதத்தில் யாரோ அவரை ரொட்டிக் கடையில் பார்த்துவிட்டார்கள். கூட்டம் போட்டார்கள். அவர் எழுந்து நின்றார், வாயே திறக்கவில்லை. இருபத்தாறு பேர் கை தூக்கினார்கள்.

வீட்டுக்கு வந்து, "கை தூக்கிட்டாங்க" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஆலை இருக்கும் தெரு வழியாக அவர் நடக்கவே இல்லை. ரொட்டிக் கடையில் இரண்டு ஷிப்ட் பார்த்தார். எட்டாவது மாதம் அங்கேயே மாவு மூட்டைமேல் சாய்ந்து செத்துப்போனார். கடைக்காரன் உடம்பை டாக்ஸியில் ஏற்றி அனுப்பிவிட்டு, இந்த ஆள் யாரென்றே எனக்குத் தெரியாது என்று சாதித்தான். பதிவேட்டில் பெயர் இல்லை. முதலாளி தெரியாது என்றான், தோழர்கள் வேண்டாம் என்றார்கள். அந்த ஆளுக்கு இந்த உலகத்தில் வேறு எங்கே இடம் இருந்தது, சொல்லுங்கள்.

நான் பிழைத்துக்கொண்டேன். டெல்ஃபோர் வீட்டுக்கு வந்து, அன்செல்மோவின் இடத்தை எனக்குக் கொடுக்கத் தீர்மானம் கொண்டுவருவதாகச் சொன்னார். அதே கைகள் எனக்காக உயர்ந்தன. பெருமையைப் பிடித்துக்கொண்டு என்ன செய்வது, போனேன். அன்றிலிருந்து என் கூரை ஒழுகினால் டெல்ஃபோர் ஏணியோடு வந்துவிடுவார். கிறிஸ்துமஸுக்கு இனிப்பு ரொட்டி அவர் வீட்டிலிருந்துதான் வரும். என்ன நல்ல மனுஷன் என்று நினைத்தேன். மிஷின் முன்னால் தொப்பியைக் கழற்றுவதும் நட்பு என்றே நினைத்தேன். வீட்டில் அன்செல்மோவின் படத்தைப் பார்த்துத் தினமும் திட்டுவேன். "நான் சொன்னேன்தான். பொம்பளை சொன்னான்னு வாயை மூடிக்குவியா, மடையா?" சில நாள் சமையலறையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். போய்ப் பார்க்கமாட்டேன்.

போன மாதம் ரோமினாவின் விஷயம் வந்தது. பாக்கெட் போடும் பிரிவில் இருப்பவள், இரண்டு பிள்ளைகள், புருஷன் ஓடிவிட்டான். புது அரசு வந்ததும் கேஸ் கட்டணம் ஏறி, பிஸ்கட் விற்பனை விழுந்து, எங்கள் பங்கு சுருங்கிப்போயிருந்தது. அவள் சாயங்காலங்களில் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இறங்கியிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம், அடுப்புகள் ஆறியதும் மாவு மூட்டைகள்மேல் உட்கார்ந்தோம். மாத்தேக் குடுவை கைமாறிச் சுற்றியது, எல்லோரும் ஒரே குழலில் அந்தக் கசப்பு நீரை உறிஞ்சினோம்.

கூட்டத் தலைவர் ஃபெர்மின் தொடங்கினார். "ரோமினா, நீ என்ன சொல்ற?"

"என்னத்தச் சொல்ல? ஓட்டறேன். ஏதோ முதலாளிங்கறீங்களே, அவன் யாருன்னு எனக்கே தெரியாது. போனு மணியடிக்கும், போவேன். உங்களுக்குத் தெரிஞ்சா காட்டுங்க, நானும் ஒரு தடவை அவன் மூஞ்சியைப் பார்த்துக்கறேன்."

பின்வரிசையிலிருந்து ஒருவன், "நீ ஓட்டுப் போட்டு உக்கார வெச்ச ஆளுதானே கேஸ் வெலைய ஏத்தினான்" என்றான்.

"ஆமா, போட்டேன். அதுக்கு முன்னாடி உங்க ஆளுங்க இருந்தப்ப மட்டும் என் புள்ளைக்குப் பால் நதியா ஓடுச்சு?"

இந்த மாதிரிப் பேச்சு கிளம்பினால் டெல்ஃபோர் சும்மா இருக்கமாட்டார். கண்ணுக்குத் தெரியாத முதலாளிதான் இருப்பதிலேயே கெட்டவன் என்று தொடங்கி ஒரு மணி நேரம் போடுவார். அன்று குனிந்தே இருந்தார். ஃபெர்மின் விதியைப் படிக்கச் சொன்னார். டெல்ஃபோர் எழுந்தார், நோட்டைத் திறக்கவில்லை.

"இதைப் படிக்கறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்லணும். அன்செல்மோ பத்தி."

ஆலையில் யாரும் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்வதில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கூட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னாடி அவன் என் வீட்டுக்கு வந்தான். ஒலிண்டாவுக்கு ஒடம்பு சரியில்லைன்னு எல்லாத்தையும் சொன்னான். கூட்டத்துல பேசமாட்டேன்னு அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன், என் வாயால முடியாது, கூட்டத்துக்கு முன்னாடியே நீ எல்லார் காதுலயும் போட்டுடு டெல்ஃபோர்னு கேட்டான். சரின்னேன்."

டெல்ஃபோர் நோட்டை மூட்டைமேல் வைத்தார்.

"நான் சொல்லல. சொன்னா ஒருத்தனும் கை தூக்கமாட்டான்னு தெரியும். ஒருத்தனுக்கு விட்டா விதி செத்துரும், விதி போனா மறுபடி முதலாளி வந்து உக்காந்துருவான்னு நெனச்சேன். ஆலைக்காகத்தான்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ரெண்டாவது விதிப்படி நான் அன்னிக்கே வெளிய போயிருக்கணும். என்னை வெளியேத்தத் தீர்மானம் கொண்டுவரேன். அதை முடிச்சிட்டு ரோமினா கதைக்கு வாங்க." சொல்லிவிட்டு அந்த ஆள் தன் கையைத் தானே தூக்கினான்.

என் புருஷன் மடையன் இல்லை. எனக்குக் கொடுத்த வாக்கையும் காப்பாற்றி, என்னையும் காப்பாற்ற ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறான். அந்த ஆளைத்தான் பதினைந்து வருஷம் படத்துக்கு முன்னால் நின்று திட்டியிருக்கிறேன். அதைவிடக் கொடுமை ஒன்று அப்புறம்தான் உறைத்தது. விஷயம் தெரிந்துதான் எல்லோரும் கை தூக்குகிறார்கள் என்று நினைத்தபடியே அவர் அங்கே நின்றிருக்கிறார். என் பெண்டாட்டி செத்தால் சாகட்டும் என்று இருபத்தாறு தோழர்களும் முடிவு செய்துவிட்டார்கள் என்று நினைத்தபடியே செத்தும் போயிருக்கிறார்.

ஃபெர்மின் என்னைப் பார்த்துச் சொன்னார். "ஒலிண்டாக்கா, நீங்க சொல்றபடி."

"என் தலையில கட்டாதீங்க. அன்னிக்கு யாரைக் கேட்டுத் தூக்கினீங்க?" என்றேன். பிறகு டெல்ஃபோர் பக்கம் திரும்பினேன். அதுவரை அவரை நான் நீ என்று அழைத்ததில்லை.

"அன்னிக்கு அவன் உன்னைப் பார்த்தானா?"

"பார்த்தான்."

"எவ்வளவு நேரம்?"

"கையெல்லாம் எண்ணி முடிக்கறவரைக்கும்."

ரோமினா அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை, எரிந்தது. அங்கிருந்த ஒரு தட்டை எடுத்து அந்த மண்டையில் போட்டிருப்பேன். ஃபெர்மின் மறுபடி கேட்டார், டெல்ஃபோரை வெளியேற்ற யார் யார் சம்மதம் என்று. இப்போது பதினேழு பேர்தான் இருக்கிறோம். டெல்ஃபோரின் கை மட்டும் மேலே இருந்தது. மற்றவர்கள் என் கையைப் பார்த்தபடி காத்திருந்தார்கள், நான் தூக்கினால் தூக்குவார்கள் என்று எனக்குத் தெரியும்.

"கையைக் கீழ போடு" என்றேன். "நீ எங்கயும் போகக் கூடாது. இது மன்னிப்பு இல்ல, நோட்டுல அப்படி எழுதிடாதீங்க. என் புருஷன் என்னைப் பத்தி கடைசியாப் பேசினது இந்த ஆள்கிட்டதான். அது முழுக்க இவன்கிட்டதான் இருக்கு. அதை வெளிய அனுப்பமாட்டேன்."

ரோமினாவும் இருக்கிறாள். விதியை என்ன செய்வது என்று இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்கள், அடித்துக்கொள்ளட்டும்.

திங்கட்கிழமை இடைவேளையில் டெல்ஃபோருக்கு எதிரே ஒரு மூட்டையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லு. அவன் வந்து கதவைத் தட்டினதுலேருந்து சொல்லு. ஒரு வார்த்தை விடாம."

கிழவன் மெதுவாகச் சொன்னான். மழை பெய்துகொண்டிருந்ததாம். அன்செல்மோ உள்ளே வரமாட்டேன் என்று வாசலிலேயே நின்றாராம். காரணத்தையெல்லாம் சொல்லிவிட்டு, போகத் திரும்பியவர் மறுபடி வந்தாராம்.

"வந்து?"

"'அவ தூங்கறப்ப நான் முழிச்சுக்கிட்டு, மூச்சு வருதான்னு பார்த்துக்கிட்டே இருக்கேன், டெல்ஃபோர். எனக்குப் பயமா இருக்கு'ன்னான்."

பத்தொன்பது வருஷம் அந்த மனுஷனோடு ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது என்று என்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.