வீடு பூட்டியிருந்தது

பாதி தைத்த ஷூவின் மேல்தோலில் ஊசியை அப்படியே குத்தி நிறுத்திவிட்டு, அந்த அக்கா என் கையிலிருந்த படிவத்தை எட்டிப் பார்த்ததுதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆம்பூரில், தோல் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருந்த ஒரு குடியிருப்பின் கடைசி வரிசையில் அவர் வீடு. தொழிற்சாலையிலிருந்து மூட்டையாக வரும் தோலை வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுப்பார். ஆள்காட்டி விரலில் நூல் அறுத்த கோடுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. நான் வேலூருக்குப் பக்கத்தில் அணைக்கட்டு என்ற ஊரின் விவசாயக் குடும்பத்துப் பெண். படிப்பு முடிந்ததும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கெடுக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன்.

நிலத்தடி நீர் கெட்டுப்போன இடம் அது. போர்வெல் தண்ணீர் மஞ்சளாக வரும், நாக்கில் கரிக்கும். எங்கள் நிறுவனம் தெருமுனையில் குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றை அமைத்திருந்தது. அதனால் மக்களின் வாழ்க்கையில் என்ன மாறியது என்று அளந்து, நிதி கொடுத்தவர்களுக்குச் சொல்ல வேண்டும். நல்ல தண்ணீர் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

“தூரம் இன்னா தூரம், கூப்பிடு தூரம்தான். ஆனா அந்தத் தண்ணிய நாங்க குடிக்கிறதில்லியே” என்றார் அக்கா. ஏன் என்று கேட்டதற்கு, “வாயால சொன்னா உனக்குப் புரியாதுமா. நாளைக்குக் காலைல வந்து என்கூட நின்னு பாரு” என்று மீண்டும் ஊசியை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நின்றேன். நிலையம் திறப்பதற்கு முன்பே அக்காவின் குடம் முதலாவதாக இருந்தது. முன்தெருப் பெண்கள் வரவர அது பின்னால் நகர்ந்தது. யாரும் கத்தவில்லை, யாரும் சண்டை போடவில்லை. அவர்கள் வந்து முன்னால் நின்றார்கள். அக்கா குனிந்து குடத்தைத் தள்ளி வைத்தார். “பின் வரிசையா, கொஞ்சம் இருங்க” என்று குழாய்க்காரர் சொன்னதுகூடச் சாதாரணமாகத்தான் இருந்தது. அந்தச் சாதாரணம்தான் என்னை உறுத்தியது. எங்கள் முறை வந்தபோது தொட்டி காலி. வெறும் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, “இந்நேரம் நாலு ஜோடி தைச்சிருப்பேன்” என்றார்.

இதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை. தூரத்துக்குக் கட்டம் இருந்தது. காத்திருப்பதற்கு இல்லை, பின்னால் தள்ளப்படுவதற்கும் இல்லை. எங்கள் நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னேன். கெட்ட மனிதர் அல்ல, அவசரத்தில் இருந்த மனிதர். “கேள்வியில இல்லாதத எழுதி இன்னா பண்ணப்போற? அந்த ஒரு வீடு பூட்டியிருந்ததுன்னு போட்டுட்டு பக்கத்துத் தெருவுல வேற வீடு எடுத்துக்க” என்றார். அப்படியே எழுதினேன். பேனா தயங்கக்கூட இல்லை.

அறிக்கை வேலூரில் ஒரு ஓட்டலில் வெளியானது. எல்லோரும் கைதட்டினார்கள். கேட்ட வீடுகளில் எல்லாம் நல்ல தண்ணீர் குடிக்கிறார்கள் என்று வந்ததால், கடைசி வரிசைக்கென்று திட்டத்தில் இருந்த இரண்டாவது தொட்டி தேவையில்லை என்று முடிவானது. அந்த வாரக் கடைசியில் பஸ் ஏறி ஆம்பூருக்குப் போய் அக்காவிடம் அறிக்கையைப் பற்றியும் தொட்டியைப் பற்றியும் சொன்னேன்.

“என் வீட்டப் பத்தி இன்னான்னு எழுதுன?”

“பூட்டியிருந்ததுன்னு.”

அவர் திரும்பித் தம் கதவைப் பார்த்தார். “இந்த வீட்டுக்குப் பூட்டே கெடையாதேமா.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் திட்டவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். “இப்ப சொன்னத அப்டியே ஒரு பேப்பர்ல எழுதி கையெழுத்து போட்டுக் குடு. திங்கக்கெழமை கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறோம்.” வேலை போய்விடும் என்று தெரிந்தது. ஆனாலும் எழுதிக் கையெழுத்திட்டேன். மனு போன விஷயம் தெரிந்ததும் ஒருங்கிணைப்பாளர் என் அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

நான்கு முறை மனு கொடுத்து, பல மாதங்கள் அலைந்த பிறகு கடைசி வரிசைக்குத் தனிக் குழாய் வந்தது. அன்று அக்கா போனில் அழைத்தார். “மூணு கொடம் புடிச்சேம்மா. யாரும் தள்ளி நில்லுன்னு சொல்லல.” அவர் குரலில் இருந்த சந்தோஷத்தை என்னால் முழுதாக வாங்கிக்கொள்ள முடியவில்லை.

இப்போது நான் வேலூரில் வேறொரு நிறுவனத்தில், மற்றவர்கள் எடுத்து வரும் கணக்கெடுப்பைச் சரிபார்க்கிறேன். ஜன்னலுக்குக் கீழே லாங் பஜார் இரைந்துகொண்டிருக்கும். பூட்டிய வீடு என்று ஒரு வரி வந்தால், மறுநாளே நானே வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுகிறேன். பல வீடுகள் உண்மையாகவே பூட்டித்தான் இருக்கின்றன. ஆனாலும் மனம் அடங்குவதில்லை. ஆம்பூரில் அந்த அக்கா வீட்டைத்தான் முதலில் அப்படி எழுதினேன். அதற்குப் பிறகு அதே கணக்கெடுப்பில் இன்னும் சில வீடுகளையும் அப்படியே எழுதினேன். எத்தனை என்று நினைவில்லை. அந்த வீடுகளில் இருந்தவர்கள் என்னிடம் என்ன சொன்னார்கள் என்பதும் நினைவில்லை.