எடித் தாதியின் சொல் கொப்பி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தாறில், தலைமன்னாருக்கு அப்பால் போன சரக்குக் கப்பலொன்றில் ஏணி வழுக்கிக் கால் முறிந்த போர்த்துக்கேய மாலுமியைத் தோணியில் கரைக்குக் கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பெயர் மனுவேல் என்பது மட்டும் விளங்கியது. டொக்டரின் ஆங்கிலம் அவனுக்குப் புரியவில்லை. அவன் பேச்சு ஆஸ்பத்திரியில் ஒருவருக்கும் பிடிபடவில்லை. இரண்டு நாள் சுவரைப் பார்த்தபடி கிடந்தான்.

அந்த வார்ட்டுத் தாதி எடித், பள்ளிமுனைக்காரி. முப்பது வயது. பதில் சொன்னால் அதற்குள்ளிருந்து இன்னொரு கேள்வியைக் கிளப்புவாள் என்று வீட்டில் அலுத்துக்கொள்வார்கள். மூன்றாம் நாள் வெக்கையில் மனுவேல் கையை நீட்டி, "ஜனேலா, ஜனேலா" என்று முனகினான். எடித் போய் யன்னலைத் திறந்துவிட்டாள். திறந்த பிறகுதான் திடுக்கிட்டாள்.

"மார்த்தா அக்கா, இவர் எங்கட தமிழெல்லோ கதைக்கிறார்!" என்று மற்றத் தாதியைக் கூப்பிட்டாள்.

பிறகு விடவில்லை. உட்காரும் கதிரையைத் தொட்டாள், "கதெய்ரா" என்றான். காலில் கிடந்த சப்பாத்து, மேசை, தட்டில் கிடந்த பாண் என்று அவள் காட்டிச் சொல்லச் சொல்ல, தன் ஊர்ச் சொற்களைக் கேட்ட அவன் வாய்விட்டுச் சிரித்தான்.

மறுநாள் "தீந்தா" என்று கேட்டு, கையை இப்படியும் அப்படியும் அசைத்தான். எடித் சுவரைப் பார்த்தாள். பூச்சு கழன்றுதான் கிடந்தது. விறாந்தைச் சுவருக்குத் தீந்தை பூசிக்கொண்டிருந்தவர்களிடம் ஓடிப்போய் ஒரு வாளி தீந்தையும் தூரிகையும் கொண்டுவந்து கட்டிலடியில் வைத்தாள். மனுவேல் வாளியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். பிறகு கடித உறையை நாக்கால் ஒட்டுவதுபோலக் காட்டினான். அவன் கேட்டது மை. தாய்க்குக் கடிதம் எழுத.

வார்ட்டே சிரித்தது. எடித்துக்கும் சிரிப்புத்தான், ஆனால் கேள்வி போகவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பிரெஞ்சுப் பாதிரியாரைப் பிடித்தாள்.

"சுவாமி, உங்கட பாஷையிலயும் மைக்குத் தீந்தாவோ?"

"இல்லை மகள், நாங்கள் ஆங்க்ர் எண்டுவம். இங்கிலீசில இங்க், ஒல்லாந்தில இங்க்ட். எல்லாம் ஒரு வீட்டுப் பிள்ளையள். பழைய கிரேக்கத்தில சுட்டுப் பதிச்சது எண்டு கருத்து. போர்த்துக்கேயன்ர தீந்தாவும் ஜெர்மன்காரன்ர டின்ட்டவும் வேற வீடு. லத்தீனில தோய்க்கிறது, சாயம் போடுறது எண்ட சொல்லில இருந்து வந்தது. சாயமெண்டால் சுவருக்கும் பூசலாம், கடுதாசியிலயும் எழுதலாம்தானே? போர்த்துக்கேயர் இஞ்ச ஆண்ட காலத்தில வந்த அந்தச் சொல், உங்கட வாயில சுவருக்கு மட்டும் நிண்டிட்டுது."

அன்று பின்னேரமே எடித் இப்படிச் சொற்களை எழுதிவைக்க ஒரு கொப்பி வாங்கினாள். மனுவேல் ஊன்றுகோலோடு ஊர் திரும்பினான். அதற்குப்பின் வந்த வெள்ளைக்கார நோயாளிகள், கன்னியாஸ்திரிகள், துறைமுக எஞ்சினியர்கள் ஒருவரும் தப்பவில்லை. நாடி பிடித்தபடியே, "உங்கட ஊரில யன்னலுக்கு என்ன சொல்?" என்று ஆங்கிலத்தில் கேட்பாள்.

ஒருநாள் கொப்பியைப் பாதிரியாரிடம் பெருமையோடு நீட்டினாள். போர்த்துக்கேய "தியா"வையும் ஆங்கில "டே"யையும் சோடியாக எழுதியிருந்தாள். இரண்டும் பகல், இரண்டும் ஒரே மாதிரி. பாதிரியார் தலையாட்டினார்.

"இதுகள் சொந்தமில்லை, மகள். முகம் மட்டும்தான் ஒண்டு."

எடித்துக்கு முகம் சுண்டிப்போயிற்று. இரண்டு கிழமை கொப்பியைத் தொடவில்லை. பிறகு அதைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: "முகம் ஒண்டு, சொந்தமில்லை." அதன் கீழ் இரண்டு சொற்களையும் இறக்கினாள்.

ஓய்வு பெற்ற வருடம் பின்பக்கப் பட்டியல் வளர்ந்து முன்பக்கப் பட்டியலை முட்டியது. எடித் கடைக்குப் போய் இன்னும் பெரிய கொப்பியொன்றைக் கேட்டாள்.